ராஜபாளையம் குட்டி வாங்கப் போறீங்களா? 8 வாரம் பொறுங்க... மூக்கு, கண், காது, பல் எல்லாம் உண்மையைச் சொல்லிடும்!

"அண்ணாச்சி, ஒரு மாசக் குட்டி. சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. இப்பவே அட்வான்ஸ் போட்டா உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன்."

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நாய்க்குட்டி தேடிப் போனவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதுசு இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். பஞ்சு உருண்டை மாதிரி குட்டி. பார்த்த உடனே மனசு உருகிடும்.

ஆனா ஒரு மாசத்தில் அந்தக் குட்டியின் உடம்பு இன்னும் பாதி விஷயத்தைக்கூட வெளியே சொல்லியிருக்காது. கண் நிறம் முடிவாகியிருக்காது. பால் பற்கள் முழுசா வந்திருக்காது. எல்லாத்தையும் விட முக்கியமாக, அந்தக் குட்டிக்குக் காது கேட்குமா கேட்காதா என்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது.

பிறந்த நாள் முதல் 2 வயது வரை ஒரு ராஜபாளையம் குட்டியின் உடலில் என்னென்ன மாறுகிறது? எந்த மாற்றத்தை எப்போது பார்க்க வேண்டும்? 8 வாரக் கணக்கு ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• பிறக்கும்போது குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. இரண்டும் திறக்க சுமார் 2 வாரம் ஆகும்.
• வெள்ளை நாய்களில் வரும் பிறவிக் காது கேளாமை 3 முதல் 4 வாரத்தில்தான் உண்டாகிறது. அதற்கு முன் சோதிப்பதில் பயன் இல்லை.
• பால் பற்கள் 28. நிலையான பற்கள் 42.
• 8 வாரம் ஆகாத குட்டியை விற்பது விதிமீறல்.
• எலும்பு முற்ற ஒன்றரை வருடம் வரை ஆகலாம். அதுவரை பைக் பின்னால் ஓட விடக் கூடாது.

எந்த ஊர் நாய் இது?

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையம்தான் இந்த நாய்க்குப் பேர் கொடுத்த ஊர். பாளையக்காரர் காலத்திலிருந்து வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனமாகச் சொல்லப்படுகிறது. மோப்பத்தை விட பார்வையை நம்பி, இரையைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய் வகை.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை 4 இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமாலய ஆட்டு நாய். அதன் பிறகு 2020 ஆகஸ்ட் மாத 'மன் கி பாத்' உரையில் பிரதமர் மோடி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டதும் நாட்டு நாய்கள் மீது கவனம் கூடியது.

வளர்ந்த ராஜபாளையம் தோள் உயரத்தில் சுமார் 65 முதல் 75 செ.மீ. வரை இருக்கும். பால் வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, தங்க நிறக் கண், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீளமான கால். இதுதான் எல்லோருக்கும் தெரிந்த தோற்றம். வேறு நிறக் குட்டிகளும் இந்த இனத்தில் பிறப்பது உண்டு. ஆனா மவுசு என்னவோ சுத்த வெள்ளைக்குத்தான். அந்த வெள்ளை மோகத்தில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. அதற்கு வருவோம். முதலில் பிறந்த குட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் 2 வாரம்: உலகமே அம்மாவின் சூடுதான்

பிறந்த குட்டியின் கண் இமை ஒட்டியிருக்கும். காதுத் துளையும் மூடியிருக்கும். வாசனையும் தொடு உணர்வும் மட்டுமே அதற்கு வழிகாட்டி. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நகர்ந்து தாயின் மடியைக் கண்டுபிடிக்கும்.

இந்த வயதில் தன் உடல் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள குட்டியால் முடியாது. தாயும் உடன் பிறந்த குட்டிகளும் தரும் சூடுதான் அதன் போர்வை. மார்கழிக் குளிரில் தனியாக ஒதுங்கிய குட்டி சில மணி நேரத்திலேயே சோர்ந்துவிடும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பாலைப் புகட்டினால் அது செரிக்காது. முதலில் மெதுவாகச் சூடேற்றிவிட்டு, அப்புறம்தான் பால் கொடுக்க வேண்டும்.

சிறுநீர், மலம் கழிப்பதுகூட தானாக நடக்காது. தாய் நாய் வயிற்றையும் பின்பகுதியையும் நக்கிவிட்டால்தான் வரும்.

முதல் 24 மணி நேரத்தில் சீம்பால் குடித்தாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தியின் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் குட்டிக்குப் போகிறது. ஒரு நாள் தாண்டிவிட்டால் குட்டியின் குடல் அந்த எதிர்ப்புப் பொருளை உறிஞ்சிக்கொள்ளாது.

ஆரோக்கியமான குட்டியின் எடை, பிறந்தபோது இருந்ததைப் போல சுமார் 7 முதல் 10 நாளில் இரண்டு மடங்காகும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வைப்பது நல்ல பழக்கம். எடை ஏறாத குட்டிதான் முதலில் கவனிக்க வேண்டிய குட்டி.

10 முதல் 14 நாளில் கண் திறக்கும். அதை ஒட்டியே, சுமார் 2 வாரத்தில், காதும் திறக்கும். சீக்கிரம் திறக்கட்டும் என்று இமையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

3, 4வது வாரம்: நாய் மாதிரி நடக்க ஆரம்பிக்கும்

அதுவரை வயிற்றால் நீந்துகிற மாதிரி நகர்ந்த குட்டி, 3வது வாரத்தில் நாலு காலில் நிற்கும். தள்ளாடித் தள்ளாடி நடக்கும். வாலை ஆட்டும். முதல் குரைப்பும் இந்தச் சமயத்தில்தான்.

ஈறில் கை வைத்தால் ஊசி முனை மாதிரிப் பால் பற்கள் தட்டுப்படும். முன் பற்களும் கோரைப் பற்களும் முதலில் எட்டிப் பார்க்கும். தாய் நாய் இப்போது பால் கொடுக்கும்போதே எழுந்து போக ஆரம்பிக்கும். காரணம் சிம்பிள், குட்டியின் பல் குத்துகிறது! மெதுவாகக் கரைத்த உணவைப் பழக்க இதுவே நேரம்.

குடற்புழு விஷயத்திலும் கவனம் வேண்டும். உருண்டைப் புழுவின் இளம் பருவம் தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குப் போய்விடும். வெளியே வராத குட்டிக்கு எப்படிப் புழு என்று யோசிக்க வேண்டாம். 2 வாரத்திலிருந்தே கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து கொடுக்க ஆரம்பிப்பது வழக்கம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் அது கொழுகொழுப்பு இல்லை, புழுவாக இருக்கலாம்.

காது கேட்குமா? வெள்ளை நிறத்துக்குப் பின்னால் இருக்கும் சிக்கல்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்க நிறமிச் செல்கள் என்று உண்டு. இதே செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு நிறத்தோடு சம்பந்தமில்லாத வேலை. ஒலியை உணரும் நுண்ணிய செல்களைச் சுற்றி இருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்கும் பகுதி உயிரோடு இருக்க இவை தேவை.

குட்டி கருவில் வளரும்போது இந்தச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து உடல் முழுக்கப் பரவ வேண்டும். முழு வெள்ளை நாய்கள் பலவற்றில் அவை எல்லா இடத்துக்கும் போய்ச் சேருவதில்லை. தோலுக்குப் போகாவிட்டால் வெள்ளை நிறம். உள்காதுக்கும் போகாவிட்டால்? அந்தப் பகுதி சுருங்கும், ஒலி உணரும் செல்கள் செத்துப்போகும். அப்புறம் மருந்தோ ஆபரேஷனோ அதைத் திரும்பக் கொண்டுவராது.

இது நடப்பது எப்போது? குட்டிக்கு 3 முதல் 4 வாரம் ஆகும்போது. அதாவது, காது திறந்து சில நாள் ஆன பிறகு. அதனால்தான் 20 நாள் குட்டியைப் பார்த்து "கை தட்டினா திரும்புது, காது நல்லா இருக்கு" என்று சொல்வதை நம்ப முடியாது.

இது ராஜபாளையத்துக்கு மட்டும் வரும் பிரச்சினை இல்லை. உலகம் முழுக்க இதற்காக அதிகம் பரிசோதிக்கப்பட்ட இனம் டால்மேஷன். அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், சுமார் 30 சதவீத டால்மேஷன் நாய்களுக்கு ஒரு காதிலோ இரண்டு காதிலோ இந்தக் குறை இருப்பது தெரியவந்தது. நீலக் கண் உள்ள வெள்ளைப் பூனைகள் பலவற்றுக்குக் காது கேட்காமல் இருப்பதற்கும் இதே காரணம்தான்.

அப்போ ராஜபாளையம் அல்பினோவா? இல்லை. அல்பினோவில் நிறமிச் செல் இருக்கும், ஆனால் அது நிறத்தைத் தயாரிக்காது. செல் இருப்பதால் காதுக்குப் பொதுவாகப் பாதிப்பு வருவதில்லை. ராஜபாளையத்தின் கண்ணில் தங்க நிறம் இருப்பதே அது முழு அல்பினோ இல்லை என்பதற்கு அடையாளம்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

குட்டிக்கு 5 வாரம் தாண்டிய பிறகு செய்யுங்கள்.

• ஒவ்வொரு குட்டியையும் தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். கூட்டத்தில் இருந்தால், கேட்காத குட்டியும் மற்ற குட்டிகளைப் பார்த்து ஓடிவரும். கண்டுபிடிக்கவே முடியாது.
• குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது அல்லது தூங்கும்போது பின்னாலிருந்து சத்தம் எழுப்புங்கள். சாவிக்கொத்து, விசில், பொம்மைச் சத்தம் போதும்.
• கதவைச் சாத்துவது, தரையில் தட்டுவது, முகத்துக்கு அருகில் கை தட்டுவது வேண்டாம். அதிர்வும் காற்றும் பட்டே குட்டி திரும்பிவிடும்.
• காது மடல் அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பாருங்கள். சத்தத்தை மாற்றி மாற்றிச் சில தடவை செய்யுங்கள்.

வேறு அறிகுறிகளும் உண்டு. பால் நேரத்தில் எல்லாக் குட்டியும் எழுந்து ஓட, ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். விளையாட்டில் மற்ற குட்டி கத்தினாலும் கடியை விடாது, ஏன்னா அந்தக் கத்தல் அதற்குக் கேட்பதில்லை.

இந்த வீட்டுச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இதில் தப்பிவிடும். அது சாதாரணமாகவே நடந்துகொள்ளும். அதை உறுதியாகக் கண்டுபிடிக்க, மூளைக்குப் போகும் மின் சமிக்ஞையை அளக்கும் 'பேயர்' என்ற பரிசோதனை தேவை. எங்கே செய்ய முடியும் என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

ரோஸ் மூக்கு, தங்கக் கண்: எப்போ நம்பலாம்?

"மூக்கு ரோஸா இருக்கு, அப்போ ஒரிஜினல்தான்." இதுவும் அடிக்கடி கேட்கும் பேச்சு.

பிறந்த புதிதில் பல இனக் குட்டிகளுக்கும், தெரு நாய்க் குட்டிகளுக்கும்கூட, மூக்கு ரோஸாகத்தான் இருக்கும். வாரங்கள் போகப் போக அதில் கறுப்புப் புள்ளிகள் தோன்றி, பரவி, மூக்கு முழுக்கக் கறுத்துவிடும். ராஜபாளையத்தில் அது ரோஸாகவே நிற்கும். ஆக, 3 வாரக் குட்டியின் மூக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. 8 வாரக் குட்டியின் மூக்கு ஓரளவு உண்மையைச் சொல்லும்.

கண்ணும் அப்படித்தான். கண் திறந்ததும் எல்லாக் குட்டிகளுக்கும் மங்கலான நீலச் சாம்பல் நிறம். 6 முதல் 8 வாரத்தில் உண்மையான நிறம் எட்டிப் பார்க்கும். அது நிலைபெற 3, 4 மாதம்கூட ஆகலாம். வளர்ந்த பிறகும் கண் வெளிர் நீலமாகவே நின்றால், நிறமி குறைவு என்று அர்த்தம். அப்படிப்பட்ட வெள்ளை நாய்க்குக் காதுப் பிரச்சினைக்கான வாய்ப்பும் கூடுதல். அந்தக் குட்டியின் காதை இன்னொரு தடவை சோதிப்பது நல்லது.

சரி, ஏன் 8 வாரம்?

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். 8 வாரம் ஆன குட்டியில்:

• 28 பால் பற்களும் வந்திருக்கும். மேலே 6, கீழே 6 முன் பற்கள் முழுசாக இல்லை என்றால், விற்பவர் சொல்லும் வயதைச் சந்தேகப்படலாம்.
• காது கேட்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.
• மூக்கும் கண்ணும் தன் நிறத்தைக் காட்ட ஆரம்பித்திருக்கும்.
• பால் மறந்து, தானாகச் சாப்பிடப் பழகியிருக்கும்.
• கடுவன் குட்டி என்றால் விதைகள் இரண்டும் பெரும்பாலும் கீழே இறங்கியிருக்கும். 6 மாதம் ஆகியும் இறங்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
• எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை உடன் பிறந்த குட்டிகளிடம் கற்றிருக்கும். இந்தப் பாடத்தைப் படிக்காத குட்டி, வீட்டுக்கு வந்து உங்கள் குழந்தையின் கையில் படிக்கும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2017ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய்களை இனவிருத்தி செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகும் முன் இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது.

அதனால் "ஒரு மாசக் குட்டி, இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால், "தாய்கிட்டயே இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்ணே, நான் வந்து பார்த்துட்டு எடுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். குட்டியோடு தாயையும் நேரில் பாருங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் காது நன்றாகக் கேட்கிறதா என்று கேளுங்கள்.

2 முதல் 4 மாதம்: ஆபத்தான இடைவெளி

வீட்டுக்கு வந்த குட்டி துறுதுறு என்று ஓடும். ஆனால் உள்ளே ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கும். சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பு சக்தி 6 முதல் 16 வாரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும்.

அது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. தீர்ந்த பிறகு குட்டிக்குப் பாதுகாப்பே இல்லை. எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தீரும் என்று வெளியே தெரியாது. அதனால்தான் ஒரே ஊசியை 3, 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "போன மாசம்தானே போட்டோம்" என்று விட்டுவிடக் கூடாது.

பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் குட்டிகளைக் கொல்லும் நோய்கள். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப்போக்கு, சாப்பாட்டில் வெறுப்பு தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில்.

ஊசி முடியும் வரை தெரு நாய் நடமாட்டம் உள்ள இடத்தில் தரையில் விட வேண்டாம். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி மூளை புது மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு சத்தம், கோயில் மேளம், குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். காவல் குணம் அதிகமுள்ள இந்த இனத்துக்கு இது ரொம்ப அவசியம்.

4 முதல் 7 மாதம்: பல் கொட்டும், கால் நீளும்

ஒரு நாள் காலையில் தரையில் அரிசி மாதிரி ஒரு பல் கிடக்கும். பயப்பட வேண்டாம். பால் பற்கள் விழுந்து 42 நிலையான பற்கள் வரும் காலம் இது. பல் பெரும்பாலும் கிடைக்காது, குட்டியே விழுங்கிவிடும். அதனால் கெடுதல் இல்லை. ஈறு அரிப்பதால் செருப்பு, நாற்காலிக் கால் எல்லாம் பலியாகும். 7 மாதம் ஆகியும் பழைய கோரைப் பல் பக்கத்திலேயே புதுக் கோரைப் பல் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காது மடலும் இந்தச் சமயத்தில் விளையாட்டுக் காட்டும். ஒரு வாரம் தொங்கும், ஒரு வாரம் தூக்கி நிற்கும், ஒன்று மேலே ஒன்று கீழே என்றுகூட இருக்கும். பல் மாறி முடிந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரிய அதிர்ச்சி உடம்பில்தான். பஞ்சு உருண்டை காணாமல் போய், கொக்கு மாதிரி ஒரு பிராணி வந்து நிற்கும். கால் மட்டும் நீளும், மார்பு குறுகலாக இருக்கும், விலா எலும்பு லேசாகத் தெரியும். "சாப்பாடே போடலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். இந்த வகை வேட்டை நாய்க்கு இது இயல்பு. விலா லேசாகத் தெரியலாம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு நின்றால்தான் கவலை.

இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். கால்சியம் டானிக்கை ஊற்றோ ஊற்று என்று ஊற்றுகிறார்கள். வளர்ந்த நாய் தேவையான கால்சியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளில் கூடுதல் கால்சியமே எலும்பையும் மூட்டையும் கெடுத்துவிடும். அதற்காக வெறும் சோறும் பாலும், அல்லது வெறும் கறி மட்டும் போட்டாலும் சத்து சமமாக இருக்காது. டானிக் தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இன்னொன்று, பால். தாய்ப்பால் மறந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி நாய் உடம்பில் குறைந்துகொண்டே போகும். அதனால் மாட்டுப் பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க கோபிச்சுக்க வேண்டாம். பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை போட்ட பால்கோவா நமக்குத்தான் சரி, நாய்க்கு இல்லை!

7 முதல் 18 மாதம்: பார்க்கப் பெரிய நாய், உள்ளே இன்னும் குட்டி

உயரத்தின் பெரும்பகுதி முதல் வருடத்துக்குள் வந்துவிடும். பெட்டை நாய்க்கு முதல் பருவம் 6 மாதத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெரிய இனங்களில் ஒரு வயது தாண்டியும் வரும். உறுப்பு வீங்கும், ரத்தம் கசியும், ஊரில் உள்ள கடுவன் நாய் எல்லாம் உங்கள் வாசலில் நிற்கும். முதல் பருவத்திலேயே குட்டி போட வைப்பது வளரும் உடம்பின் மேல் இரண்டாவது சுமையை ஏற்றுவதுதான். கடுவன் காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கவும், வேற நாய்களிடம் வம்பு இழுக்கவும் ஆரம்பிக்கும்.

ஆனால் எலும்பு இன்னும் முற்றவில்லை. கால் எலும்புகளின் நுனியில் மெத்தென்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். பெரிய இனங்களில் அது முழுசாக மூடி எலும்பாக மாற 12 முதல் 18 மாதம் ஆகலாம். அதற்குள் அடிபட்டால் கால் வளைந்து வளரும் ஆபத்து உண்டு.

அதனால் நாயைச் சங்கிலியில் கட்டி பைக் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் ஓடவிடுவது, உயரத்திலிருந்து குதிக்க வைப்பது, வழுக்கும் டைல்ஸ் தரையில் துரத்துவது எல்லாம் வேண்டாம். மண் தரையில் தன் இஷ்டத்துக்கு ஓடட்டும். களைத்தால் தானே உட்கார்ந்துவிடும். பைக் பின்னால் ஓடும் குட்டிக்கு உட்கார வழியில்லை.

18 மாதம் முதல் 2 வயது: முழு ராஜபாளையம்

உயரம் நின்ற பிறகு அகலம் வரும். மார்பு ஆழமாகும், தொடை திரளும், கழுத்து உரமாகும். குட்டி முடி போய், குட்டையான, உடம்போடு ஒட்டிய முடி வந்திருக்கும். போஸ்டரில் பார்த்த ராஜபாளையம் இதுதான்.

வெள்ளை முடிக்குக் கீழே இருப்பது ரோஸ் தோல். வெயிலைத் தடுக்க அதில் நிறமி இல்லை. மூக்கு, காது மடலின் நுனி, முடி குறைந்த வயிற்றுப் பகுதி சீக்கிரம் வெந்து சிவக்கும். விருதுநகர் மாவட்ட வெயிலில் உச்சி நேரத்தில் மொட்டை மாடியிலோ தகரக் கூரைக்குக் கீழேயோ கட்டிப்போடாதீர்கள். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். மூக்கிலோ காது நுனியிலோ ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் வெள்ளை முடியில் பளிச்சென்று தெரியும். அது ஒரு வசதி, தினமும் தடவிப் பாருங்கள்.

பூனைக்குட்டிக்கும் இதே கணக்கா?

கிட்டத்தட்ட. பூனைக்குட்டி 7 முதல் 14 நாளில் கண் திறக்கும். எல்லாவற்றுக்கும் முதலில் நீலக் கண்தான், 6, 7 வாரத்தில் நிறம் மாற ஆரம்பிக்கும். பால் பற்கள் 26, நிலையான பற்கள் 30. உடல் சிறியது என்பதால் சுமார் ஒரு வயதிலேயே பெரும்பாலான பூனைகள் முழு அளவை எட்டிவிடும். ஆனால் பருவம் 4 மாதத்திலேயேகூட வந்துவிடும், அதனால் கருத்தடையைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி - பதில்

*குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?*
தெருவில் விட்டுவிடாதீர்கள். கேட்காத நாய்க்கு வண்டிச் சத்தமும் கேட்காது. வீட்டுக்குள் அது நல்ல துணையாக இருக்கும். குரலுக்குப் பதில் கைச் சைகையில் பழக்குங்கள். வெளியே எப்போதும் கயிறு வேண்டும். தூங்கும்போது திடீரென்று தொட்டு எழுப்பாதீர்கள், பதறிக் கடிக்கலாம். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

*அதைக் குட்டி போட வைக்கலாமா?*
கூடாது. ஒரு காது மட்டும் கேட்காத நாயும் இந்தக் குறையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். இனம் நன்றாக இருக்க வேண்டும் என்றால் வெள்ளையை மட்டும் பார்த்துச் சேர்க்காமல் காதையும் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

*வயசை எப்படிக் கண்டுபிடிப்பது?*
வாயைத் திறந்து பாருங்கள். முன் பல்லே இல்லை என்றால் குட்டி ரொம்பச் சின்னது. 28 பால் பற்களும் இருந்தால் சுமார் 6 முதல் 8 வாரம். முன் பல் விழுந்து புதுசு வருகிறது என்றால் 4 மாதத்தை ஒட்டிய வயது. 42 பற்களும் வந்திருந்தால் 7 மாதத்துக்கு மேல்.

*விற்பவர் 8 வாரத்துக்கு முன் எடுத்துக்கச் சொல்கிறார், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துடுவேன் என்கிறார்?*
கொடுக்கட்டும். விடுங்க. இந்த நாய் உங்களோடு பத்து வருஷத்துக்கு மேல் வாழலாம். அதற்காக நாலு வாரம் காத்திருக்க விடாத இடத்தில் குட்டி எடுக்க வேண்டாம்.

குட்டியைக் கையில் தூக்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். வாயைத் திறந்து பல்லை, வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணை, தனியாக வைத்துக் காதை. வெள்ளை நிறம் போட்டோவிலேயே தெரிந்துவிடும். இந்த மூன்றையும் நேரில் போனால்தான் பார்க்க முடியும்.